கூண்டும் சோதனையில் சேர்ந்ததுதான்

"என்னை என்ன சோதனை எலின்னு நினைச்சியா?"

கோபம் வந்தால் எல்லோரும் சொல்லும் வசனம் இது. புது ஹோட்டலின் சாம்பாரில் தொடங்கி புதுப் பாடத்திட்டம் வரை, எதை முதல் ஆளாக அனுபவிக்க நேர்ந்தாலும் இது தானாக வாயில் வந்துவிடும். ஆங்கிலத்தில் இதே இடத்தில் எலிக்குப் பதில் கினிப் பன்றி நிற்கும். பாவம், எந்த மொழியிலும் அந்த எலியைப் பற்றியோ பன்றியைப் பற்றியோ யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. அது என்ன சாப்பிடும்? எப்போது தூங்கும்? எந்தச் சூட்டில் நிம்மதியாக இருக்கும்?

இதையெல்லாம் தெரிந்துகொள்வது இரக்கத்துக்காக மட்டும் என்று நினைத்தால் அது பாதி உண்மைதான். ஆய்வகத்தில் ஒரு எலியிடம் கேட்கப்படுவது ஒரு கேள்வி. இந்த மருந்து வலியைக் குறைக்குமா? இந்தக் கட்டி வளருமா? இந்தப் பொருள் கல்லீரலைக் கெடுக்குமா? பதில் சொல்வது எலியின் உடம்பு. அந்த உடம்பு குளிரிலோ பயத்திலோ மூச்சுத் திணறலிலோ இருந்தால் பதிலும் கோணலாகத்தான் வரும். கூண்டு, உமி, தண்ணீர் பாட்டில், விளக்கு, பிடிக்கும் கை எல்லாமே சோதனைக்குள் சேர்ந்தவை. பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வியாக மட்டும் வந்து போகும் 'விலங்குப் பராமரிப்பு' என்ற சங்கதிக்கு உண்மையில் இவ்வளவு கனம் இருக்கிறது.

சுண்டெலி

ஆய்வகங்களில் அதிகம் வாழும் பாலூட்டிகளில் ஒன்று சுண்டெலி. வளர்ந்த பிறகும் எடை 20 முதல் 40 கிராம் வரைதான், ஒரு கோழிமுட்டையைவிடக் குறைவு. இதயம் நிமிடத்துக்கு 500, 600 தடவை துடிக்கும். கர்ப்ப காலம் 19 முதல் 21 நாள். குட்டிகள் முடியில்லாமல், கண் மூடியபடி, இளஞ்சிவப்பு நிறத்தில் பிறக்கும். இரண்டு வாரத்தில் கண் திறக்கும், மூன்று வாரத்தில் பால் மறக்கும், ஆறு முதல் எட்டு வாரத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். குட்டி போட்ட ஒரே நாளில் தாய் மறுபடி சினைப்பிடிக்கவும் முடியும். ஆயுள் சுமார் இரண்டு வருடம்.

இது ஆய்வகத்துக்கு வந்த கதையும் சுவாரசியமானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரான்பி என்ற ஊரில் ஆபி லாத்ரோப் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியை 1900 வாக்கில், செல்லப்பிராணியாக விற்பதற்குச் சுண்டெலி வளர்க்க ஆரம்பித்தார். விரைவில் ஆராய்ச்சியாளர்கள் அவரிடம் வாங்கத் தொடங்கினார்கள். அவருடைய பண்ணையிலிருந்து வந்த எலிகளைக் கொண்டு கிளாரன்ஸ் குக் லிட்டில் 1921ல் 'சி57 பிளாக்' என்ற வம்சத்தை உருவாக்கினார். அதில் கிளைத்த 'பிளாக் 6' சுண்டெலிதான் இன்று உலக ஆய்வகங்களில் மிக அதிகமாகப் பயன்படுகிறது. அண்ணன் தங்கைகளை 20 தலைமுறைக்கும் மேல் இணை சேர்த்து வந்ததால், இந்த வம்சத்து எலிகள் எல்லாம் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. மரபணு ஒன்றேதான்.

அப்படியானால் எந்த ஊரில் சோதித்தாலும் ஒரே பதில் வரவேண்டும் அல்லவா? 1999ல் கிராப், வால்ஸ்டன், டுடெக் என்ற மூவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். போர்ட்லாண்ட், எட்மண்டன், ஆல்பனி ஆகிய மூன்று ஊர் ஆய்வகங்களில் ஒரே வம்சங்கள், ஒரே வயது, ஒரே மாதிரிக் கருவிகள், ஒரே மாதிரிப் பராமரிப்பு. முடிந்தவரை எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். அப்படியும் சில சோதனைகளில் ஊருக்கு ஊர் விடை மாறியது! மரபணு ஒன்றாக இருந்தாலும், எலி வாழும் இடம் தன் பங்குக்கு ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

என்ன சொல்கிறது? முதலாவது, குளிர். ஆய்வக அறைகள் வழக்கமாக 20 முதல் 26 டிகிரிக்குள் வைக்கப்படுகின்றன. கோட்டு போட்டு வேலை செய்யும் மனிதருக்கு 22 டிகிரி சுகமானது. ஆனால் சுண்டெலி தனியாக உடம்பைச் சூடேற்றும் வேலையில்லாமல் நிம்மதியாக இருக்க சுமார் 30 டிகிரி வேண்டும். சிறிய உடம்பு, எடையோடு ஒப்பிட்டால் பெரிய தோல்பரப்பு. வெப்பம் சீக்கிரம் ஓடிவிடும். 22 டிகிரியில் அது தின்பதில் பெரும்பங்கு உடம்பைச் சூடாக்கவே செலவாகிறது. அமெரிக்காவில் பஃபலோ நகரத்தின் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்தில் செய்த ஆய்வு ஒன்று 2013ல் வெளியானது. 22, 23 டிகிரியில் இருந்த சுண்டெலிகளைவிட 30, 31 டிகிரியில் இருந்தவற்றுக்குப் புற்றுக்கட்டி மெதுவாக வளர்ந்தது. நோய் எதிர்ப்பும் நன்றாக இருந்தது. கூண்டின் குளிர், புற்றுநோய் ஆராய்ச்சிக்குள்ளேயே புகுந்துவிட்டது!

இதற்கு வைத்தியம் ரொம்ப எளிது. கிழித்த காகிதமோ பஞ்சோ ஒரு கைப்பிடி போட்டால் போதும். சுண்டெலி அதைக் கடித்துக் குதறி, குருவிக்கூடு மாதிரி ஒரு கூடு கட்டிக்கொண்டு உள்ளே சுருண்டுவிடும். தனக்கு வேண்டிய சூட்டைத் தானே செய்துகொள்ளும்.

இரண்டாவது, வாசனை. சுண்டெலியின் உலகம் மூக்கு வழியாகத்தான் விரிகிறது. சினையாக இருக்கும் பெண் எலி, இணைசேர்ந்த சில நாட்களுக்குள் வேறொரு ஆண் எலியின் வாசனையை முகர்ந்தால் கர்ப்பமே கலைந்துவிடலாம் என்று ஹில்டா புரூஸ் 1959ல் கண்டுபிடித்தார். ஆண் எலிகள் இருக்கும் கூண்டைப் பளபளவென்று கழுவி வைத்தால் அன்றைக்கே சண்டை மூளும். யார் பெரியவர், யார் சிறியவர் என்று எழுதி வைத்திருந்த வாசனைக் கணக்கு எல்லாம் அழிந்துபோனதுதான் காரணம். அதனால் அனுபவசாலிகள் பழைய கூட்டுப் பஞ்சில் கொஞ்சத்தைப் புதுக் கூண்டில் போடுவார்கள்.

மனித வாசனையும் இதில் சேர்த்தி. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழு 2014ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆண்கள் பக்கத்தில் இருந்தாலே, அல்லது ஆண்கள் போட்டுக் கழற்றிய டீ-ஷர்ட்டை வைத்தாலே, எலிகளுக்கு மன அழுத்தம் ஏறி, வலி உணர்வு குறைந்துவிடுகிறது. பெண்கள் இருந்தால் அப்படி ஆகவில்லை. ஒரு வலி மருந்து வேலை செய்ததா, அல்லது வெறுமனே ஒரு பையன் பக்கத்தில் நின்றானா? கேட்கவே சிரிப்பாக இருக்கிறது. ஆனால் எத்தனை ரெக்கார்ட் நோட்டுகளில் இந்தக் குழப்பம் ஏறியிருக்கும் என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும்.

மூன்றாவது, கை. சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுதான் காலங்காலமாகச் சொல்லித்தரும் முறை. லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட், ரெபெக்கா வெஸ்ட் இருவரும் 2010ல் இதைச் சோதித்தார்கள். வாலைப் பிடித்துத் தூக்கிய எலிகள் கையைக் கண்டால் ஒதுங்கின, பதற்றம் அதிகம். ஒரு குழாய்க்குள் நுழையவிட்டோ, இரு கைகளையும் கிண்ணம் போலக் குவித்தோ தூக்கியவை தாமாகவே கையை நாடி வந்தன. ஒரு சின்னக் குழாய் என்ன விலை இருக்கும்?

பெரிய எலி

பெரிய எலி, சுண்டெலியின் பெரிய அண்ணன் அல்ல. இனமே வேறு. ஃபிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் 1906லிருந்து வளர்க்கப்பட்ட வெள்ளை எலிகளின் பெயரால்தான் 'விஸ்டார் எலி' இன்றும் நமது கல்லூரிகள் வரை வந்து சேர்கிறது. வளர்ந்த ஆண் 300 முதல் 500 கிராம் வரை. கர்ப்பம் 21 முதல் 23 நாள். சுண்டெலிக்குப் பித்தப்பை உண்டு, இதற்குக் கிடையாது. இரண்டுக்குமே வாந்தி எடுக்க முடியாது. மருந்தை வாய்வழி கொடுக்கும் மாணவர் இதை மறக்கக் கூடாது. இரண்டுக்கும் முன்பற்கள் சாகும்வரை வளரும், கடிக்க ஏதாவது இருந்தே ஆகவேண்டும்.

எலி கூட்டமாக வாழும் பிராணி. தனியே வைத்தால் அது வேறு எலி. 1990களின் இறுதியில் யாக் பாங்க்செப் என்ற விஞ்ஞானி, எலிகளைக் கிச்சுகிச்சு மூட்டினால் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிடுகின்றன என்று காட்டினார். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதால் அந்தச் 'சிரிப்பு' யாருக்கும் கேட்பதில்லை. பயத்திலும் வேதனையிலும் 22 கிலோஹெர்ட்ஸ் அளவில் எழும் குரலும் அப்படித்தான். அறை அமைதியாக இருக்கிறது என்று மனிதர் நினைக்கும்போது எலிகள் அலறிக்கொண்டிருக்கலாம். சொட்டும் குழாயும் பழைய மின்கருவியும் அதன் காதுக்குப் பெரிய இரைச்சலாக இருக்கலாம்.

எலியின் கண்ணைச் சுற்றிச் சிவப்பாகக் கசிந்திருந்தால் புதிதாகப் பார்ப்பவர் ரத்தம் என்று பதறுவார். ரத்தம் இல்லை. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஹார்டேரியன் சுரப்பி வெளிவிடும் போர்ஃபிரின் என்ற நிறமி அது. நலமாக இருக்கும் எலி முகத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பதால் தெரியாது. நோயோ மன அழுத்தமோ வந்தால் சுரப்பு கூடும், துடைப்பது குறையும், சிவப்பு தங்கிவிடும். 'எனக்கு ஏதோ சரியில்லை' என்று எலி எழுதிவைக்கும் லீவு லெட்டர் அது.

உமியும் மரச்சீவலும்

அனிமல் ஹவுஸில் கூண்டின் அடியில் நெல் உமி, மரச்சீவல், சோளத்தக்கைத் தூள் என்று ஏதாவது பரப்புவார்கள். குப்பைதானே, எதுவாக இருந்தால் என்ன?

1967ல் எலியட் வெசல் என்ற மருந்தியலாளர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். தூக்க மருந்து கொடுத்த எலிகள், சிவப்பு சீடார் போன்ற மென்மரச் சீவல் மேல் வளர்ந்தவையாக இருந்தால் சீக்கிரம் எழுந்துவிட்டன. மரத்தின் வாசனைப் பொருட்கள் எலியின் கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் என்சைம்களைத் தூண்டிவிட்டிருந்தன. மருந்து அதேதான், அளவு அதேதான், மரச்சீவல் மட்டும் வேறு. மருந்தியல் படிக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கதையை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

உமியை மாற்றாமல் விட்டாலும் பிரச்சினை. சிறுநீரைப் பாக்டீரியாக்கள் உடைத்து அம்மோனியா ஆக்கும். நிற்கும் மனிதரின் மூக்கு கூண்டுக்கு வெகு மேலே இருக்கிறது. எலியின் மூக்கு உமிக்கு ஓரங்குலம் மேலே. அந்தக் காற்று சுவாசப் பாதையை அரித்து, ஏற்கெனவே உள்ள நுரையீரல் தொற்றை மோசமாக்கும்.

தண்ணீர் பாட்டிலும் அப்படியே. பாட்டில் நிறைந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். குழல் முனையில் காற்றுக்குமிழி அடைத்திருப்பது தெரியாது. தண்ணீர் கிடைக்காத எலி தீனியையும் நிறுத்திவிடும். எடை குறைந்ததை மருந்தின் விளைவு என்று எழுதிவிட எவ்வளவு நேரம் ஆகும்? முனையை விரலால் தொட்டு ஒரு சொட்டு வருகிறதா என்று பார்ப்பது இரண்டு நொடி வேலை.

கினிப் பன்றி

இது பன்றியும் அல்ல, கினி நாட்டைச் சேர்ந்ததும் அல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைமக்கள் உணவுக்காக ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வளர்த்த பிராணி. கர்ப்பம் 59 முதல் 72 நாள். எலிக்குட்டியைப் போல் அல்லாமல், முடியோடும் திறந்த கண்ணோடும் பிறந்து சில மணி நேரத்தில் ஓடும்.

மனிதனைப் போலவே இதற்கும் உடம்பில் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. நார்வேயில் ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிக் இருவரும் 1907ல் இதற்கு ஸ்கர்வி வரவைத்துக் காட்டியதுதான் அந்த வைட்டமினைக் கண்டறியும் பாதையைத் திறந்தது. தானே தயாரித்துக்கொள்ளும் எலியை வைத்து அதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. இதன் மறுபக்கம்தான் பராமரிப்பில் நடக்கும் தவறு. முயல் தீனியும் கினிப் பன்றித் தீனியும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். தீனி தீர்ந்துபோன நாளில் முயல் தீனியைப் போட்டுச் சமாளித்தாலோ, மூட்டை பழசாகி வைட்டமின் போய்விட்டாலோ, சில வாரங்களில் மூட்டு வீங்கும், நொண்டும், ஈறு கசியும். சோதனைக்கு வந்த பிராணி, சோதனைக்குச் சம்பந்தமில்லாத நோயில் சாகும்.

பெனிசிலினும் இதற்கு ஆகாது. குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, நச்சு உண்டாக்கும் வேறு பாக்டீரியா பெருகிவிடும். 1940 மே 25 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி குழு பெனிசிலினைச் சோதித்தது எட்டுச் சுண்டெலிகளில். எட்டுக்கும் கிருமி செலுத்தினார்கள், நான்குக்கு மட்டும் மருந்து. விடிவதற்குள் மருந்து பெறாத நான்கும் இறந்தன. அன்று மேஜைமேல் கினிப் பன்றிகள் இருந்திருந்தால்?

முயல்

முயலைக் காதைப் பிடித்துத் தூக்குவது சினிமா மந்திரவாதிக்குச் சரி. உண்மையில் அது வலி. அதைவிட ஆபத்து, பின்னங்காலைத் தாங்காமல் தூக்குவது. முயலின் எலும்புக்கூடு இலேசானது, பின்னங்கால் தசை வலுவானது. பயந்து ஓர் உதை உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். ஒரு கை மார்புக்கு, ஒரு கை பின்புறத்துக்கு என்பதுதான் பாலபாடம்.

சுண்டெலிக்குக் குளிர் எதிரி என்றால் முயலுக்கு வெயில் எதிரி. அதற்கு 16 முதல் 22 டிகிரிதான் சொல்லப்பட்ட அளவு. வியர்க்காது, சூட்டை வெளியேற்றப் பெரிதும் காதையே நம்பியிருக்கிறது. நமது ஊர் மே மாதத்தில் மின்சாரம் போய் ஏசி நின்றால் முதலில் ஓடிப் பார்க்க வேண்டியது முயல் அறையைத்தான். காலையில் தன் மென்மையான கழிவை அது தின்பதைப் பார்த்து அருவருக்க வேண்டாம். குடல்வாயில் நொதித்து உருவான புரதமும் பி வைட்டமின்களும் அதில்தான் இருக்கின்றன. பல முயல்களின் ரத்தத்தில் அட்ரோபினைச் சிதைக்கும் என்சைம் உண்டு. அதைத் தெரியாமல் அட்ரோபின் போட்டுவிட்டு, கண்மணி விரிந்தது சீக்கிரமே சுருங்குகிறதே என்று விழிப்பவர்கள் உண்டு.

ஜீப்ரா மீன்

இது கங்கைச் சமவெளியின் ஓடைகளிலும் வயல்களிலும் திரிந்த நம் நாட்டு மீன். 1822ல் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் இதை வர்ணித்தார். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இதை ஆய்வக மீனாக்கினார். முட்டை கண்ணாடி மாதிரி. ஒரே நாளில் இதயம் துடிப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். 28.5 டிகிரி தண்ணீர், 14 மணி நேர வெளிச்சம். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள குளோரின் மீனைக் கொல்லும். புதுத் தொட்டியில் உடனே நிறைய மீனை விட்டாலும் ஆபத்து. அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேறச் சில வாரங்கள் ஆகும்.

இவ்வளவும் எதற்கு?

நியாயமாக ஒரு கேள்வி எழும். இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்துவிட்டுக் கடைசியில் கொல்லத்தானே போகிறார்கள்? இந்தக் கேள்விக்கு மழுப்பலான பதில் கூடாது. ஆமாம், பெரும்பாலும் அப்படித்தான். அதனால்தான் கொல்லப்படும் ஒவ்வோர் உயிரும் உண்மையான பதிலைத் தந்தாக வேண்டும். தப்பான பதிலைத் தந்து இறந்த எலி இரண்டு முறை வீணாகிறது. அதே சோதனையை மறுபடி செய்ய இன்னொரு கூண்டு எலிகள் தேவைப்படும்.

1959ல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேயர்கள் மூன்று விதிகளைச் சொன்னார்கள். முடிந்தால் விலங்குக்குப் பதில் வேறொன்று. முடியாவிட்டால் குறைந்த எண்ணிக்கை. அதிலும் வேதனையைக் குறைப்பது. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் உள்ள குழு, முன்பு 'சிபிசிஎஸ்இஏ', இன்று 'சிசிஎஸ்இஏ', இதைக் கண்காணிக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிலும் கால்நடை மருத்துவர் ஒருவரும் விஞ்ஞானி அல்லாத ஒருவரும் இருக்க வேண்டும். அந்த விஞ்ஞானி அல்லாதவர் கேட்கும் 'ஏன்?' பல சமயம் கூட்டத்தின் மிக நல்ல கேள்வியாக இருக்கும்.

முதல் விதியும் மெல்ல நடக்கத்தான் செய்கிறது. 1931ல் ஃபிரீட்மன் கொண்டுவந்த கர்ப்பப் பரிசோதனையில், பெண்ணின் சிறுநீரை முயலுக்குச் செலுத்தி, அதைக் கொன்று சூலகத்தைப் பார்த்தார்கள். இன்று அந்த வேலையை மருந்துக்கடைப் பட்டை ஒன்று சில நிமிடத்தில் செய்கிறது. விலங்கியல் வகுப்புகளில் அறுத்துப் பார்ப்பதை நிறுத்தச் சொல்லி யுஜிசி 2014ல் அறிவித்தது. புது மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிபந்தனையை அமெரிக்கா 2022ல் சட்டம் கொண்டுவந்து நீக்கியது. 2023ல் இந்தியாவும் விலங்கல்லாத முறைகளுக்கு விதிகளில் இடம் கொடுத்தது.

ஆனால் கூண்டுகள் இன்னும் காலியாகவில்லை. அதுவரை அவற்றின் முன்னால் நிற்பவர் யார் என்பது முக்கியம். இரைப் பிராணிகள் வலியை மறைக்கும். காட்டில் வலியைக் காட்டினால் முதலில் மாட்டிக்கொள்வது அதுதான். சுண்டெலியின் சுருங்கிய கண், உப்பிய கன்னம், பின்னால் போன காது, மாறிய மீசை ஆகியவற்றை வைத்து வலியை அளக்க மோகில் குழு 2010ல் ஓர் அட்டவணை தயாரித்தது. அட்டவணை வருவதற்கு வெகு காலம் முன்பே அந்த முகத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் உண்டு. தினமும் தீனி போட்டு, உமி மாற்றி, பாட்டில் கழுவும் பராமரிப்பாளர்கள்தான் அவர்கள். "மூணாவது கூண்டுல ஒண்ணு ரெண்டு நாளா கூடு கட்டலைங்க சார்" என்று அவர் சொன்னால், சார் அதை நோட்டில் எழுதிக்கொள்வது நல்லது.

ஆராய்ச்சிக் கட்டுரையில் அவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமையும் எலிக்குப் பசிக்கும், தீபாவளியன்றும் முயலுக்குத் தாகம் எடுக்கும். அன்றைக்கும் அவர் வந்து பூட்டைத் திறந்து, ஒவ்வொரு பாட்டிலின் முனையையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.